வெயில் நகரமும் குழந்தைகளின் பொழுதுபோக்கும்

நகர வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது சாலை, குடிநீர், சாக்கடை, மின்சாரம், வீட்டு வசதி ஆகியவை முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடும்பம் தன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பொழுது சாயும் வேளையில் எங்கே போய்க் காற்றாட உட்காருவது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இடம் பெறுவதில்லை. பொழுதுபோக்கு என்பது வசதி படைத்தவர்களின் விஷயம், மற்றத் தேவைகள் நிறைவேறிய பிறகு கவனித்தால் போதும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். கடும் வெயில் அடிக்கும் நகரங்களில் இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அகமதாபாத் நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராயலாம்.

அகமதாபாத் 1411ஆம் ஆண்டில் சபர்மதி ஆற்றின் கரையில் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம். துணியாலைகளால் வளர்ந்து, 1980களில் அவற்றில் பல மூடப்பட்ட பின்னர் வேறு தொழில்களுக்கு மாறிக்கொண்டது. ஏப்ரல் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை இங்கே நிலவுவது வறண்ட வெப்பம். 2010ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கமான இறப்பு எண்ணிக்கையைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று பின்னர் செய்யப்பட்ட ஆய்வு கணக்கிட்டது. இதன் விளைவாக 2013இல் மாநகராட்சி வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் ஒரு நகரம் வகுத்த இத்தகைய திட்டங்களுள் இதுவே முதலாவது. வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45ஐ எட்டினால் சிவப்பு என மூன்று நிற எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. 2016 மே 20ஆம் தேதி அங்கே 48 டிகிரி பதிவான போது இந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. இத்திட்டத்தால் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை.

எனினும், எச்சரிக்கை ஒரு வீட்டை அடையும் போது அது சுருங்கி ஒரே ஒரு வாக்கியமாகி விடுகிறது: வெளியே போகாதே. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மே மாதத் தொடக்கத்திலிருந்து ஜூன் இரண்டாம் வாரம் வரை. அதாவது, ஆண்டிலேயே மிகக் கடுமையான ஐந்து வாரங்களும் குழந்தைகள் கையில் நேரம் மிகுந்திருக்கும் ஐந்து வாரங்களும் ஒன்றே. வெளியே போகாதே என்ற வாக்கியத்தின் பொருளும் எல்லா வீடுகளிலும் ஒன்றல்ல. மேற்கு அகமதாபாத்தின் அடுக்குமாடி வீட்டில் அதற்குக் குளிர்சாதன அறையில் இரு என்று பொருள். கிழக்கே ராக்கியால், கோம்திப்பூர் போன்ற பகுதிகளில், பழைய ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளான ‘சாலி’களில், தகரமோ கல்நார்த் தகடோ வேய்ந்த ஒற்றை அறைக்குள் இரு என்று பொருள். பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறை, வெளியே வேப்ப மரத்தடியைக் காட்டிலும் சூடாக இருக்கும். வெயிலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக் குழந்தையை அதிக வெப்பமுள்ள இடத்தில் அடைத்து வைப்பதாகவே அது முடிகிறது. கூரைக்கு வெள்ளை சுண்ணாம்பு பூசும் திட்டம் 2017 முதல் சில குடியிருப்புகளில் மேற்கொள்ளப்பட்டது. அது நல்ல திட்டமே. ஆனால் கூரை குளிர்ந்தாலும் பத்தடி அறைக்குள் ஐந்து வாரம் ஒரு குழந்தை ஓடி விளையாட முடியாது.

வறண்ட நாட்டு வெப்பத்தின் தன்மையை இங்கே கவனிக்க வேண்டும். மே மாதத்தில் அகமதாபாத்தின் சராசரி உச்ச வெப்பநிலை ஏறத்தாழ 42 டிகிரி. விடியற்காலையில் அது சுமார் 27 டிகிரிக்கு இறங்குகிறது. ஒரே நாளுக்குள் 15 டிகிரி வேறுபாடு. கடற்கரை நகரமான சென்னையில் அதே மாதத்தில் இந்த வேறுபாடு 10 டிகிரி அளவுக்குத்தான் வரும். காலையிலேயே வியர்வை பெருகும். ஆகவே, வறண்ட நகரத்தின் செல்வம் என்று ஏதேனும் உண்டென்றால் அது அதன் விடியற்காலைதான். பொருளாதார மொழியில் சொல்வதானால், நாள்தோறும் விலையின்றிக் கிடைத்து, பயன்படுத்தாவிட்டால் எட்டு மணிக்குள் அழிந்து போகும் சரக்கு அது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தியாவின் நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அகமதாபாத் அதற்குச் சுமார் 10 டிகிரி மேற்கே இருக்கிறது. ஆகவே அங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12.35க்கு மேல். மே நடுவில் சூரிய உதயம் ஆறு மணியை ஒட்டி. அஸ்தமனம் ஏழு மணிக்குப் பின். பகலின் கொடிய வேளையும் அதற்கேற்பத் தள்ளிப் போகிறது. கிழக்கு இந்தியாவின் பழக்கத்தை நினைத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்குக் குழந்தையை மைதானத்துக்கு அனுப்பினால், அது உண்மையில் வெயில் இன்னும் தணியாத நேரம். ஆறரைக்கு அனுப்பினால் ஒரு மணி நேர வெளிச்சம் எஞ்சியிருக்கும். தரை சூடு குறைந்திருக்கும். சறுக்கு மரத்தின் இரும்புத் தகடு மாலை ஐந்து மணிக்கும் தொடையைச் சுடும் என்பது குழந்தைகளுக்குத் தெரியும். அதை வாங்கி வைக்கும் அதிகாரிகளுக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை.

விடியற்காலையை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மணிக்கு எழுந்து குழந்தைகளுடன் பூங்காவுக்குப் போகலாம் என்று ஆலோசனை கூறுவது எளிது. யார் அழைத்துப் போவது? குழாயில் தண்ணீர் வருவதும் அந்த நேரம்; அடுப்பு மூட்டுவதும் அந்த நேரம்; வெயில் ஏறுமுன் சமையலை முடித்துவிட வேண்டும் என்பதால் கோடையில் அந்த அவசரம் இன்னும் கூடுதல். தகப்பன் முதல் ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். நகரத்தின் மிகக் குளிர்ந்த மணி நேரம், குடும்பத்தில் தாய்க்கு மிக நெருக்கடியான மணி நேரமாக இருக்கிறது. ஆகவேதான் அதிகாலைப் பூங்காக்களில் ஓய்வு பெற்றவர்களும் நடைப்பயிற்சி செய்பவர்களும் காணப்படுகிறார்களே தவிர, குழந்தைகள் அதிகம் காணப்படுவதில்லை. இது பழக்கக் குறைவால் நேர்வதன்று, நேரப் பங்கீட்டால் நேர்வது. தண்ணீர் வரும் நேரத்தை மாநகராட்சி அரை மணி முன்பின்னாக மாற்றினால் எத்தனை குழந்தைகள் பூங்காவுக்குப் போவார்கள் என்று எந்தக் குடிநீர்த் துறையும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

நடைமுறையில் இதற்குத் தெருவே ஒரு தீர்வு கண்டு வைத்திருக்கிறது. நாலைந்து வீட்டுக் குழந்தைகளை ஒரு பாட்டனாரோ, மூத்த பெண் பிள்ளையோ முறை வைத்து அழைத்துச் செல்வது. மற்றவர்கள் வீட்டு வேலையைப் பார்ப்பது. செலவில்லாத ஏற்பாடு. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மாணவர்கள் விடுமுறையில் இந்தப் பொறுப்பை ஒரு குடியிருப்புக்கு இருவர் வீதம் ஏற்றுக்கொண்டால் ஆறு மணி முதல் எட்டு மணி வரை ஒரு மைதானம் நிரம்பிவிடும். பம்பரத்துக்கு அங்கே ‘பமர்டோ’ என்று பெயர், கோலிக்கு ‘லகோட்டி’, கற்களை அடுக்கிப் பந்தால் கலைக்கும் ஏழுகல் ஆட்டத்துக்குச் ‘சதோடியு’. பெயர்தான் வேறு, ஆட்டம் ஒன்றே. இவற்றுக்கு வேண்டியது நிழலுள்ள சமதரை மட்டுமே.

இடங்களைப் பொறுத்தவரை அகமதாபாத் ஏழை நகரமல்ல. 1451இல் சுல்தான் குத்புதீன் காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட காங்கரியா ஏரி நகரின் தென்கிழக்கே இருக்கிறது. முப்பத்து நான்கு பக்கங்கள் கொண்ட இந்த ஏரியின் நடுவே நகீனா வாடி என்ற தோட்டத் தீவு. அதற்குச் செல்ல ஒரு நடைவழி. கரையில் 1951இல் ரூபன் டேவிட் உருவாக்கிய மிருகக் காட்சிசாலை. அடுத்துள்ள மணிநகரிலும் கோக்ராவிலும் ஆலை வேலைக்காக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன; அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மாலை என்றால் காங்கரியாதான். ஏரியின் பக்கங்களை எண்ணிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வருவது எட்டு வயதுக் குழந்தைக்கு நல்ல விளையாட்டும் கணக்குப் பாடமும் ஆகும். முப்பத்து நான்கு வந்து சேர்வது கடினம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வரும். சண்டை தீர மறுபடியும் சுற்ற வேண்டியிருக்கும்.

2008இல் ஏரிக்கரை புதுப்பிக்கப்பட்டது. சுற்றிலும் வேலி வந்தது, வாயில்கள் வந்தன, குழந்தைகளுக்கான சிறிய ரயில் வந்தது. அதுவரை யாரும் போய் வரக்கூடியதாக இருந்த கரைக்கு நுழைவுக் கட்டணமும் வந்தது. இடம் தூய்மையாயிற்று என்பது உண்மை. கட்டணம் சிறியது என்று சொல்லப்பட்டது. தனி மனிதருக்கு அது சிறியதே. ஆனால் பொழுதுபோக்குக்குத் தனி மனிதராக யாரும் போவதில்லை. 2022 ஆகஸ்டில் சபர்மதியின் குறுக்கே நடந்து செல்வோருக்காகத் திறக்கப்பட்ட அடல் பாலத்தில் பெரியவர்களுக்கு 30 ரூபாயும் சிறுவர்களுக்கு 15 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டது. கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் என்றால் 105 ரூபாய். பஸ் செலவும் ஆளுக்கொரு கிளாஸ் கரும்புச் சாறும் சேர்த்தால் தினக்கூலித் தொழிலாளியின் வருமானத்தில் கணிசமான பகுதி போய்விடும். அத்தகைய குடும்பம் ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளியை ஒட்டி வரும். கோடையில் வாரம் மும்முறை வராது. குழந்தையின் உடல்நலத்துக்கு வேண்டியதோ வாரம் மும்முறை வருவதுதான்.

இயந்திர விளையாட்டுகள் குறித்தும் ஒரு சொல். 2019 ஜூலையில் காங்கரியாவின் பொழுதுபோக்குப் பகுதியில் ஊசல் போல் ஆடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்ததில் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். இயந்திரத்துக்கு ஆய்வாளர் வேண்டும், பராமரிப்பு வேண்டும், அவற்றுக்காகக் கட்டணமும் வேண்டும். மணல் குவியலுக்கும் ஆலமரத்து விழுதுக்கும் அவ்வளவு தேவையில்லை.

சபர்மதி ஆற்றங்கரையின் கதை சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. முன்பெல்லாம் கோடையில் ஆறு பெரும்பாலும் மணல் வெளியாகக் கிடக்கும். அதில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் பயிரிடுவார்கள். சர்க்கஸ் கூடாரம் போடுவார்கள். ஞாயிறு தோறும் சந்தை கூடும். கரையோரக் குடிசைகளின் பிள்ளைகளுக்கு ஆற்று மணலே கிரிக்கெட் மைதானம். இப்போது வாஸ்ணா தடுப்பணைக்கு மேலே நர்மதைக் கால்வாய் நீர் நிறுத்தப்பட்டு, ஆறு ஆண்டு முழுவதும் நிறைந்து காணப்படுகிறது. இரு கரைகளிலும் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் நடைபாதைகள் அமைந்து, 2012 முதல் மக்கள் பயன்படுத்தி வருகின்றனர். இரவு எட்டு மணிக்கு நீரைத் தொட்டு வரும் காற்றில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே நடக்கின்றன. குழந்தைகள் மிதிவண்டி ஓட்டுகின்றனர். நகரத்துக்குக் கிடைத்த பெரிய வசதி இது என்பதை மறுப்பதற்கில்லை. அதே திட்டத்துக்காகக் கரையிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களில் பலருக்கு நகரின் ஓரங்களில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. வீட்டு வாசலில் விளையாட்டு மைதானம் இருந்த குழந்தைகள், அது அழகுபடுத்தப்பட்ட போது அதிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போயினர். புதிய குடியிருப்புகளில் வீட்டின் பரப்பளவு இத்தனை சதுர மீட்டர் என்று திட்டமிட்டவர்கள், மாலையில் பிள்ளைகள் நிற்க எத்தனை மர நிழல் என்று கேட்டிருக்க வேண்டும். நடைபாதையின் நிலையும் பகலில் அப்படித்தான்: கான்கிரீட் தரையும் குறைவான நிழலும். பகல் பத்து மணிக்கு மேல் குழந்தையை அங்கே அழைத்துச் செல்லக் கூடாது.

பகலில் நிழல் வேண்டுமென்றால் பழைய நகரத்துக்குத்தான் போக வேண்டும். 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த அந்தக் கோட்டைக்குள் ‘போள்’ எனப்படும் குடியிருப்புகள் இருக்கின்றன. குறுகலான சந்துகள், இரு புறமும் உயர்ந்த மர வேலைப்பாட்டு வீடுகள். வீடே எதிர் வீட்டுக்குக் குடை பிடிக்கிறது. வெயில் தலைக்கு நேரே வரும் சிறிது நேரம் தவிர மற்ற நேரங்களில் சந்தில் நிழல். வீட்டு முன்னால் நம் திண்ணையை ஒத்த ‘ஓட்லோ’. சதுக்கத்தில் புறாக்களுக்குத் தானியம் இடும் ‘சபூத்ரோ’ என்ற தூண் மேல் கூடு. வீடுகளின் அடியில் மழைநீர் சேர்க்கும் தொட்டிகள். காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும் பாரம்பரிய நடைப்பயணம் ஒன்றை 1997 முதல் மாநகராட்சி காலை வேளையில் நடத்தி வருகிறது. வெளியூர்ப் பயணிகளுக்காக என்று கருதப்பட்டாலும், உள்ளூர்ப் பள்ளிக் குழந்தைகளுக்கே அது அதிகம் பயன்படும். சந்துக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி ஏன் கூடுகிறது என்று ஆசிரியர் கேட்டால் போதும். நகரமைப்பின் முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அதைவிடச் சிறந்த பாடம் நகரத்துக்கு வடக்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கிறது. அடாலஜ் படிக்கிணறு 1499இல் ராணி ரூடாபாய் கட்டியது. ஐந்து அடுக்குகள் பூமிக்குள் இறங்குகின்றன. நகருக்குள்ளேயே அசார்வாவில் அதே காலத்தைச் சேர்ந்த தாதா ஹரீர் படிக்கிணறு உள்ளது. மேலே 42 டிகிரி கொதிக்கும் பகலில் படி இறங்க இறங்கக் காற்று மாறுவதைக் குழந்தை தன் தோலால் அறியும். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கும், வழிப்போக்கர் தங்குவதற்கும் கட்டப்பட்ட இடம் இது. குளிர்ச்சியைப் பொதுச் சொத்தாகக் கட்டிக் கொடுக்கும் கருத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்கிறது. ஒரு வெப்பமானியைக் கையில் கொடுத்து ஒவ்வொரு அடுக்கிலும் அளந்து எழுதச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைகள் அரை நாள் பேசாமல் வேலை செய்வார்கள். கைப்பிடிச் சுவர்கள் தாழ்வாக இருப்பதால் பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியவையும் உள்ளன. வறண்ட காற்றில் நீர் விரைவாக ஆவியாகிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை நிழலில் வைத்து ஒன்றின் மேல் ஈரத்துணி சுற்றினால், ஒரு மணி நேரத்தில் வேறுபாடு கைக்குத் தெரியும். மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்பது விளங்கிவிடும். ஜூன் இறுதியில் காற்றில் ஈரம் ஏறிய பிறகு இதையே திரும்பச் செய்தால் வேறுபாடு குறைந்திருக்கும். அந்தத் தோல்வியும் பாடமே. கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே அகமதாபாத் இருப்பதால் ஜூன் பத்தாம் தேதியை ஒட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. 12.40 அளவில் செங்குத்தாக நிறுத்திய குச்சியின் நிழல் மறைந்து போவதைக் காண ஐந்து நிமிடம் வெயிலில் நின்றால் போதும். உடனே உள்ளே வந்துவிட வேண்டும். பறவைகளுக்கு மண்சட்டியில் நீர் வைக்கும் வழக்கம் குஜராத்தில் பரவலாக உண்டு. சட்டியை நிரப்பும் பொறுப்பைக் குழந்தையிடம் விட்டால் காலை மாலை இரண்டு முறை அது தானே வெளியே வரும். இரவில் ‘அகாசி’ எனப்படும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்துப் படுப்பதும், நட்சத்திரங்களைப் பார்த்துக் கதை கேட்பதும் செலவில்லாத வெளிப்புறப் பொழுதுபோக்குகள்தாம். மாடியில்லாத சாலி வீடுகளில் சந்திலேயே கட்டில் போடுகிறார்கள். அங்கே கொசுவும் தெருவிளக்கும் முக்கியப் பிரச்சினைகள்.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். குழந்தையின் உடல் எடைக்கு ஏற்பத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே வெளி வெப்பம் விரைவில் ஏறுகிறது. வியர்ப்பதும் பெரியவர்களைவிடக் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. கேட்கும் வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கொரு முறை தண்ணீரோ உப்பிட்ட மோரோ கொடுக்க வேண்டும். கோடையின் முதல் வெப்ப அலையின் போது உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் விளையாட்டு நேரத்தைப் பாதியாகக் குறைப்பது நல்லது. தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் நிழலுக்குக் கொண்டுவந்து உடலை ஈரமாக்கி விசிற வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ ஈரமாக்குவதை நிறுத்தாமலே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நிறுத்திய காருக்குள் குழந்தையைச் சில நிமிடங்கள்கூட விட்டுச் செல்லக் கூடாது. சிவப்பு எச்சரிக்கை நாளில் பகல் பதினொன்று முதல் மாலை ஆறு வரை வெளி விளையாட்டே வேண்டாம்.

இவை குடும்பம் செய்யக் கூடியவை. குடும்பம் செய்ய முடியாதவைதான் முக்கியமானவை. முதலாவது, பூட்டு. நம் நகரங்கள் பலவற்றில் நகராட்சிப் பூங்காக்கள் காலையில் சில மணி நேரம் திறந்திருந்து, பகலில் பூட்டப்பட்டு, மாலையில் மீண்டும் திறக்கப்பட்டு, இரவு எட்டு அல்லது ஒன்பது மணிக்கு மூடப்படுகின்றன. காவலாளியின் பணி நேரத்தை வைத்து இந்த அட்டவணை வகுக்கப்படுகிறது. வெப்பமானியை வைத்து வகுத்தால் கோடையில் ஐந்து மணிக்குத் திறந்து இரவு பதினொரு மணிக்கு மூட வேண்டும். பகலிலும் நிழல் மரங்கள் உள்ள பகுதியைத் திறந்து வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் இருப்பவர்களுக்குப் பகலில்தான் அது தேவை. ஒரு பூங்காவுக்குக் கூடுதலாக ஒரு காவலாளியின் மூன்று மாதச் சம்பளமே இதற்கு ஆகும் செலவு. புதிய பூங்கா ஒன்றை அமைக்கும் செலவுடன் ஒப்பிட்டால் இது கணக்கில் வராத தொகை. ஆனால் புதிய பூங்காவுக்குத் திறப்பு விழா உண்டு. பூட்டைத் திறப்பதற்கு விழா இல்லை.

இரண்டாவது, மரம். அலங்காரப் புல்வெளிக்கு ஊற்றும் தண்ணீரை வேம்புக்கும் ஆலுக்கும் அரசுக்கும் ஊற்றினால் பத்து ஆண்டில் நிழல் கிடைக்கும். புல்வெளி ஒப்படைக்கப்படும் நாளிலேயே பச்சையாகத் தெரிவதால் ஒப்பந்தக்காரரும் பொறியாளரும் அதையே விரும்புகின்றனர். மூன்றாவது, குடிநீர். நம் தண்ணீர்ப் பந்தலைக் குஜராத்தில் ‘பரப்’ என்பார்கள். வழிப்போக்கருக்கு நீர் வைப்பது அங்கே புண்ணியமாகக் கருதப்படுகிறது. விளையாட்டு மைதானத்துக்குள் ஒரு பரப் இருந்தால் தாய் இன்னும் அரை மணி நேரம் இருப்பாள். நான்காவது, விளக்கும் பெண்களுக்கான கழிப்பறையும். குளிர்ந்த நேரங்கள் எல்லாம் இருட்டு நேரங்கள் என்பதால், வெளிச்சமில்லாத மைதானத்தில் முதலில் இடம் இழப்பவர்கள் பெண் குழந்தைகளே. பத்து வயதுக்கு மேல் மாலை விளையாட்டிலிருந்து அவர்கள் மறைந்து போவதற்குச் சமூகக் கட்டுப்பாடு ஒரு காரணம் என்றால், எரியாத விளக்கு இன்னொரு காரணம். முதலாவதை மாற்ற ஒரு தலைமுறை ஆகலாம்; இரண்டாவதை மாற்ற ஓர் ஏணியும் ஒரு விளக்கும் போதும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தைகளுடன் வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஒரு விதி செய்தால் மாநகராட்சி இழக்கும் தொகை சிறிதே. ரயில், படகு ஆகியவற்றுக்குக் கட்டணம் வசூலிக்கலாம். காற்றுக்கும் நிழலுக்கும் வசூலிப்பதைத் தவிர்க்கலாம்.

ஜூன் பிற்பகுதியில் முதல் மழை வரும் போது நகரம் முழுவதும் குழந்தைகள் நனையத் தெருவுக்கு வருவார்கள். இடி மின்னல் இல்லாத வரை தடுக்க வேண்டியதில்லை. தூரப் பயணங்களைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நள் சரோவர் ஏரியிலும் தோள் ஏரியிலும் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும். விடியற்காலையில் அங்கே சேர்ந்தால் பூநாரைகளைக் காணலாம். ஜனவரி 14ஆம் தேதி உத்தராயணத்தன்று நகரத்தின் எல்லா மொட்டை மாடிகளிலும் பட்டம் பறக்கும். தடை செய்யப்பட்ட நைலான் மாஞ்சாக் கயிறு பறவைகளின் சிறகையும் சாலையில் செல்வோரின் கழுத்தையும் அறுக்கிறது. சாதாரணப் பருத்தி நூல் வாங்கிக் கொடுப்பது பெற்றோர் பொறுப்பு. அன்றைக்கு மாடியிருப்பவர்கள் மாடியில்லாதவர்களின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வதுண்டு. மே மாதத்து இரவுகளில் அந்த வழக்கம் தொடர்வதில்லை. மாடிக் கதவுகள் அவரவர் வீட்டுக்குள்ளிருந்தே தாழிடப்படுகின்றன.